நாற்பதாம் பக்கம் வரை குட்டி

பணகுடிக்குத் தெற்கே, பொரிப்பகத்தில்
இரவு ஷிப்ட் எனக்கு.
பத்து மணி வேனில் இறங்கும்போது
காற்றாலைகள் சிவப்பாய்க் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும்.
ஆடிக்காற்று துப்பட்டாவைப் பிடுங்கும்.
உள்ளே கதவடைத்தால் காற்று என்ற பேச்சே கிடையாது.
முப்பத்தேழரை டிகிரி,
நாற்பதாயிரம் முட்டை,
மணிக்கொரு தரம் தட்டுகள் தாமாகச் சாயும்
ஒரு ஊரே ஒன்றாய்ப் புரண்டு படுப்பதுபோல.

பேச்சுத்துணைக்குச் சுப்புத்தாய் அக்கா.
அவள் கண்ணயர்ந்த பிறகு புத்தகம்.

படம் எல்லோரும் பார்த்ததுதான்.
வள்ளியூர் தியேட்டரில்
இரும்புக்கதவு திறந்துகொண்டதும்
முன்சீட்டுப் பையன் ஒருவன்
செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.
இது அந்தப் படத்துக்கு முந்தின கதை.
பூங்காவில் இன்னும் டிக்கெட் கொடுக்கவில்லை,
கதவில் பெயின்ட் காயவில்லை.
பதினாறு வயதுப் பெண் ஒருத்தி
முட்டை அறையில் சம்பளத்துக்கு நிற்கிறாள்.
அவளிடமும் ஒரு நோட்டு.
அவளும் மணிக்கொரு தரம் டிகிரி எழுதுகிறாள்.

தமிழில் பெயர்த்தவருக்கு ஒரு குழப்பம்.
நாற்பதாம் பக்கம் வரை டைனோசர் குட்டி,
அதற்கப்புறம் டைனோசர் குஞ்சு.
பல்லிக்குக் குட்டி, பாம்புக்குக் குட்டி,
முட்டையிட்டாலும் முதலைக்குக் குட்டிதான்.
நாற்பதாம் பக்கத்தில் அவருக்கு என்ன நடந்ததோ.
என்னைக் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன்:
இந்தக் காலைப் பாருங்கள்,
முன்னால் மூன்று விரல், செதில்,
ஈரம் காயுமுன்பே
பக்கத்திலிருப்பதை மிதித்து ஏறும் நகம்.

ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்து ஊட்டுகிறாள்.
"ஏட்டி, வேண்டாம்ட்டி" என்று
வாய்விட்டே சொல்லிவிட்டேன்.
அது வளர்ந்து
இடைவேளைக்கு முன்னால் என்ன செய்யும் என்று
எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.
அதைவிட மோசமாக ஒன்றும் தெரியும்:
படத்தில் அவள் இல்லை.
யாரும் அவள் பேரைக்கூடச் சொல்லவில்லை.
அப்படியென்றால் இந்தப் பக்கங்களுக்குள்
எங்கேயோ முடியப்போகிறவள்.
அதனால் ஒரு ராத்திரிக்கு இரண்டு பக்கம்தான்.
அதற்கு மேல் அவளை நடக்கவிடுவதில்லை.

போன செவ்வாய், இரண்டேகாலுக்குக் கரண்ட் போனது.
வெளியே அத்தனை காற்றாலை சுற்றுகிறது,
உள்ளே என் கை எனக்குத் தெரியவில்லை.
படத்தில் கரண்ட் போனால் அவை வெளியே வரும்.
இங்கே போனால் ஒன்றுமே வராது.
ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமி நின்றது.
கோயில்பிச்சை சார் போனை எடுக்கவில்லை.
அக்கா டீசல் கேனோடு ஓட,
நான் தட்டு தட்டாய்க் காதை வைத்தேன்.
இருபதாம் நாள் முட்டைகள்.
ஓட்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒன்று கேட்க
அடுத்தது பதில் சொல்லியது.
பதினோரு நிமிஷம். நோட்டில் இருக்கிறது.

விடியும்போது அறை முழுக்க மஞ்சள்.
சேவல்களைப் பிரித்து நீல டிரம்மில் போடுவது
பகல் ஷிப்டுக்காரர்கள் வேலை.
நான் ஏழு மணி வேனைத் தவறவிட்டதேயில்லை.

நேற்று அக்காவிடம் கதையைச் சொன்னேன்,
அவள் சாகப்போகிறாள் என்பது வரைக்கும்.
தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:
"ஏன்ளா சாவணும்?
கணக்கை முடிச்சு, சம்பளத்த வாங்கிட்டு
பஸ் ஏறிப் போயிருப்பா.
நம்ம முப்பிடாதி போவலையா, திருப்பூருக்கு."

எனக்கு அது தோன்றவேயில்லை.

இன்று ஐந்து பக்கம் படித்தேன்.
மணி மூன்று.
முப்பத்தேழு புள்ளி ஆறு.